ஹில்டா மைக்கை வெளிய விடாதே

லிப்ஸ்டிக்கைக் கடைசியா வச்சுக்கோ தங்கச்சி. இப்பவே பூசிட்டேன்னா நான் வாயைத் திறக்க முடியாது. வாயைத் திறக்காம இருந்தா எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கும். முதல்ல கண்ணு வேலையை முடி, கொண்டையை முடி, அந்தப் பூவெல்லாம் வச்சு முடி. உதடு கடைசி. கார் வாறதுக்கு இன்னும் நேரம் கெடக்கு.

எனக்கு இன்னைக்குக் கல்யாணம்! சிரிக்காத. உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும், அதுக்குத்தானே பெட்டியைத் தூக்கிட்டு வந்திருக்க. ஆனாலும் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாக்கேன். முப்பத்தெட்டு வயசுல எனக்குக் கல்யாணம். ரெண்டு தடவை சொல்லியாச்சு. காலையிலேருந்து கண்ணாடியைப் பாத்துச் சொன்னதெல்லாம் கணக்குல இல்ல.

வாசல்ல ஒருத்தன் கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு அங்கயும் இங்கயும் நடக்கான் பாத்தியா? அவன்தான் எங்க அண்ணன், ஜெயசிங். கதவைத் தட்டினாலும் திறந்துராத. அப்பா இல்லாத வீடு. முறைப்படி அவன்தான் என் கையைப் பிடிச்சுக் கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போய் மாப்பிள்ளை பக்கத்துல விடணும். நான் முடியாதுன்னுட்டேன். சித்தப்பா கூடத்தான் நடப்பேன்னு போன வாரமே சொல்லியாச்சு. சித்தப்பாவுக்கு மூட்டு வலி, கம்பு ஊனித்தான் நடப்பாக. பரவாயில்ல, நின்னு நின்னு போவோம். அண்ணன் கையை மட்டும் பிடிக்கமாட்டேன். ஏன்னு கேளு. நீ கேக்காட்டியும் சொல்லத்தான் போறேன்.

நான் அக்கார்டியன் வாசிப்பேன் தங்கச்சி. பாத்திருக்கியா? ஆர்மோனியத்தை எழுப்பி நிக்க வச்சு, பெல்ட்டு போட்டு நெஞ்சோட கட்டிக்கிட்ட மாதிரி இருக்கும். வலது கைக்குக் கட்டை, இடது கைக்குப் பொடிப் பொடியா பட்டன், நடுவுல துருத்தி. அதை இழுத்து அமுக்கிக்கிட்டே வாசிக்கணும். அது ஒரு கைப்பிள்ளை கனம் கனக்கும். பகல்ல நான் ஸ்கூல்ல மியூசிக் டீச்சர், காலையில பிரேயருக்கு வாசிக்கிறது நான்தான். லீவு விட்டா அண்ணனோட பாட்டுக் கச்சேரிக்குப் போவேன். ஜெயசிங் மெல்லிசைக் குழுன்னா பாளையங்கோட்டையில தெரியாதவுக கெடையாது. ஈஸ்டர் முடிஞ்சதும் கல்யாண சீசன் தொடங்கும் பாரு, அப்ப மூச்சு விட நேரமிருக்காது. இன்னைக்கு மெஞ்ஞானபுரம்னா நாளைக்குத் திசையன்விளை. எல்லாம் ரிசப்ஷன் கச்சேரி. அண்ணன் பாடுவான், டேனியல்னு ஒரு பையன் கீபோர்டு, நான் அக்கார்டியன். இந்த மூணு பேரை மட்டும் ஞாபகம் வச்சுக்கோ, போதும். தபலா, கிடாரெல்லாம் இந்தக் கதைக்கு வேண்டாம்.

எல்லாம் நல்லாத்தான் போச்சு, அந்தத் திசையன்விளை மாப்பிள்ளை வாற வரைக்கும்.

நடந்தது இதுதான். அக்கார்டியனுக்கு மைக் எங்க வைப்பாக? வலது கைக் கட்டைக்கு நேர வைப்பாக. மத்தவுகளுக்குச் சரி. நான் வளத்தி கம்மி. அக்கார்டியனைத் தூக்கி மாட்டினா அது என் தாடையில வந்து முட்டும். கட்டைக்கு நேர மைக் வச்சா அது என் வாய்க்கும் நேர நிக்கும். வாசிக்கும்போது என் வாய் லேசா அசையும். அவ்வளவுதான், பெருசா ஒண்ணுமில்ல. அன்னைக்கு அண்ணன் ஒரு சோகப் பாட்டு பாடுதான், மண்டபமே கப்சிப்னு இருக்கு. நான் பாட்டுக்கு வாசிச்சுக்கிட்டே, எனக்கு நானே, "மாப்பிள்ளை தலையில இருக்கது டோப்பா மாதிரில்லா தெரியுது, ஃபேனைக் கொஞ்சம் கொறைங்கப்பா"ன்னேன். மெதுவாத்தான் சொன்னேன் தங்கச்சி. மைக்தான் சத்தமாச் சொல்லிட்டு.

மாப்பிள்ளை ரெண்டு கையாலயும் தலையைப் பிடிச்சுக்கிட்டார். பொண்ணு திரும்பி அவரையே பாக்கா. அவளுக்கு அதுவரைக்கும் தெரியாது போல. பொறவு நடந்ததெல்லாம் நான் பாக்கல, அக்கார்டியனுக்குப் பின்னால குனிஞ்சுக்கிட்டேன். அந்தக் கல்யாணம் நல்லபடியாத்தான் நடந்துச்சு, இப்ப அவுகளுக்கு ரெட்டைப் பிள்ளைங்க. ஆனா அண்ணன் அன்னைக்கு வேன்ல ஏறினதும், "ஏட்டி ஹில்டா, இனிமே உன் மைக் வெளிய போகாது"ன்னுட்டான்.

அதாவது மைக் இருக்கும், நானும் இருப்பேன், வாசிக்கவும் செய்வேன். ஆனா சத்தம் வெளிய போகாது. நான் வாசிக்க வேண்டிய பிட்டை எல்லாம் டேனியல் கீபோர்டுல அக்கார்டியன் சத்தம் வச்சு வாசிப்பானாம். நான் நல்ல சேலை கட்டிட்டு, துருத்தியை இழுத்து, பல்லைக் காட்டிட்டு நிக்கணுமாம். நீ என்ன சொல்லுத? ஒரு கலைக்காரிக்கு இதைவிட அவமானம் உண்டா? வேற யாராவதா இருந்தா அன்னைக்கே அக்கார்டியனைக் கழத்திக் கையில குடுத்திருப்பா. நான் குடுக்கல. ஏன்னா எனக்கு அதை வாசிக்காம இருக்க முடியாது. ஊருக்குக் கேக்காட்டி போகுது, எனக்குக் கேக்குதுல்லா.

கண்ணை மூடணுமா? சரி, மூடிட்டேன். வாய் திறந்துதான் இருக்கும்.

இந்த வருச சீசன் தொடங்கும்போது அண்ணன் என்ன பண்ணினான், பழைய மைக்செட்டை மாத்திட்டான். பாளையங்கோட்டையில இல்லாத மைக்செட்டா? ஏரல்லேருந்து ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்தான். திரவியம் சவுண்ட் சர்வீஸ். முழுப்பேரு ஞானதிரவியம். அத்தனை தூரத்துலேருந்து ஒரு ஆளை எதுக்குக் கூப்பிடுதான்னு எனக்குப் புரியவேயில்ல. "நல்ல ஆளு, அதிகம் பேசமாட்டார், குடி கெடையாது, கல்யாணமும் ஆகல"ன்னான். மைக் கட்டுறவனுக்குக் கல்யாணம் ஆனா என்ன, ஆகாட்டி என்ன? அண்ணன் எப்பவும் இப்படித்தான், சம்பந்தமில்லாம பேசுவான்.

அதோட, நான் நிக்கிற இடத்தையும் மாத்திட்டான். முன்னால நடுவுல நிப்பேன். இப்ப மேடையில வலது ஓரம், மிக்ஸருக்கு நேர் எதுத்தாப்ல. மிக்ஸர்னா திங்கிறது இல்ல. எல்லா மைக்கு சத்தமும் ஒரு பெட்டிக்கு வந்து சேரும், அதுலேருந்துதான் ஸ்பீக்கருக்குப் போகும். ஒவ்வொரு மைக்குக்கும் தள்ளுற கட்டை ஒண்ணு இருக்கும், ஃபேடர்னு பேரு. ஏத்தினா கேக்கும், இறக்கினா கேக்காது. என் ஃபேடர் அடிமட்டத்துல கெடக்கதை நான் தெனம் மேடையிலேருந்து என் கண்ணாலயே பாக்கணும்னு அந்த இடத்தைக் குடுத்திருக்கான். கல்நெஞ்சம் பாரு.

மிக்ஸருக்குப் பின்னால அந்த ஆளு. காதுல ஒரு பெரிய ஹெட்போன், இட்லித் தட்டைக் கவுத்து வச்ச மாதிரி. மூஞ்சியில ஒரு சிரிப்புக் கெடையாது, ஒரு அசைவு கெடையாது. தலையில சீப்பு பட்டு மாசமாகியிருக்கும்.

சரி, மைக்தான் செத்துப் போச்சே, இனி எதுக்குப் பயப்படணும்னு நான் தொடங்கிட்டேன். அண்ணன் காதல் பாட்டு பாடுவான், நான் ஸ்கூல் டிரில் பாட்டை அதுமேல வச்சு வாசிப்பேன். டேனியல் அக்கார்டியன் பிட்டு வாசிச்சா, நான் கோயில் கீர்த்தனையை ரெண்டு மடங்கு வேகத்துல ஓட்டுவேன். வாயும் ஓடும். "அண்ணே, அந்த மேல் சுதிக்கு உன் தொண்டை போகாது, விட்டுரு." "பொண்ணோட மாமி எத்தனை சங்கிலிதான் போட்டிருக்காக, கழுத்து என்னத்துக்கு ஆகும்." "பந்தியில ஐஸ்கிரீம் தீந்துரும் போலிருக்கே, பாட்டைச் சுருக்கு." இப்படி ஏதாவது. எல்லாம் நல்லதுக்குத்தான் சொல்லுவேன். அந்த மைக்செட்டு ஆளைப் பத்தியும், அது காதுல உள்ள இட்லித் தட்டைப் பத்தியும் சொல்லுவேன். "இந்த மூஞ்சிக்கு யாராவது ஒரு ஜோக்கு சொல்லுங்கப்பா"ன்னு ஒரு நா சொன்னேன். அன்னைக்கு அது லேசா சிரிச்ச மாதிரி இருந்துச்சு. வயித்து வலியா இருக்கும்னு நெனச்சேன்.

இப்பச் சொல்லுதேன் பாரு, அதிசயம் அங்கதான் தொடங்குச்சு.

ஒரு நா தொண்டை வறண்டு போச்சு. வாசிச்சுக்கிட்டே, "ஆண்டவரே, ஒரு வாய் சுக்குக் காபி கெடச்சா எப்படி இருக்கும்"னேன். இடைவேளை விட்டதும் அந்த ஆளு ஒரு டம்ளரைக் கொண்டாந்து என் பக்கத்துல வச்சுட்டுப் போகுது. சுக்குக் காபி! எனக்குப் புல்லரிச்சுட்டு. இன்னொரு நா ஃபோகஸ் லைட்டு நேரா கண்ணுல அடிக்குது, "கர்த்தாவே, கண்ணு கூசுதே"ன்னேன். லைட்டு தானா அந்தப் பக்கம் திரும்பிட்டு. கால் வலிக்குதுன்னேன், அடுத்த கச்சேரியில எனக்கு ஒரு ஸ்டூல் கெடக்கு. அதுக்கு மெத்தை வேற. நான் எத்தனை வருசமா ஜெபம் பண்ணுதேன் தங்கச்சி, உபவாசம் இருந்தெல்லாம் ஜெபிச்சிருக்கேன், இவ்வளவு சுருக்கா எதுவும் கெடச்சதில்ல.

கோயில்ல பெண்கள் ஐக்கியக் கூட்டத்துல எழும்பி நின்னு சாட்சியே சொல்லிட்டேன். கேட்டதெல்லாம் ஆண்டவர் குடுக்காரு, அதுவும் அக்கார்டியன் வாசிக்கும்போது கேட்டா உடனே குடுக்காருன்னு. எங்க ஐயரம்மா, அதான் பாஸ்டர் சம்சாரம், கண்ணைத் துடைச்சுக்கிட்டாக. ரெண்டு பேரு எங்கிட்ட அக்கார்டியன் படிக்கணும்னு வந்தாக.

இதுல அந்த ஆளு மேல எனக்கு ஒரு நெனப்பும் கெடையாது. அதைத் தெளிவாச் சொல்லிருதேன். மேடையிலேருந்து பாத்தா நேரா அதுதான் தெரியும், வேற எங்க பாக்க? ஒரு நா நீலச் சட்டை போட்டு வந்துச்சு. "சட்டை எடுப்பா இருக்கு, தலையை மட்டும் சீவியிருந்தா ஆளு பாக்கறதுக்கு மோசமில்ல"ன்னு சொன்னேன். சும்மா சொன்னேன். மறுநாக் கச்சேரிக்கு எண்ணெய் தடவி, வகிடு எடுத்து, படிய வாரி வந்திருக்கு! அதே நீலச் சட்டை. அதுக்கடுத்த கச்சேரிக்கும் நீலம். மே மாசம் பூரா நீலம். "பாவம், வேற சட்டையே இல்ல போலிருக்கு, ஒண்ணு எடுத்துக் குடுக்கணும்"னு எனக்கு மனசு உருகிட்டு. இரக்கம், அவ்வளவுதான். கச்சேரி இல்லாத நாள்ல சும்மா வீட்ல இருக்கும்போது, சுக்குக் காபி போட்டுக் குடிச்சுக்கிட்டு, இப்ப அந்த ஆளு ஏரல்ல என்ன பண்ணும்னு யோசிப்பேன். அதுவும் இரக்கம்தான்.

புருவத்தை ஏன் நீ தூக்குத? என் புருவத்தைப் பாரு.

இப்ப மெஞ்ஞானபுரத்துக்கு வாறேன். சீசனோட கடைசிக் கச்சேரி, ஒரு டாக்டர் வீட்டுக் கல்யாணம், சாயங்காலம். மண்டபம் பூரா ஆளு. மேடையில ஏறதுக்கு முன்னால அண்ணன் வந்து என் பெல்ட்டை மாட்டிவிடுதான். என்னைக்கும் இல்லாத வழக்கம். மாட்டிவிட்டுக்கிட்டே, ரொம்ப சாவகாசமா, "நம்ம திரவியத்துக்கு நாசரேத்துல பொண்ணு முடிவாயிட்டாமே, தெரியுமா?"ன்னான். தெரியாதுன்னேன். "நல்ல இடம். பொண்ணு வாயே திறக்காதாம்"னான். சொல்லிட்டு என் மூஞ்சியவே பாக்கான். நான் பெல்ட்டு இறுக்கமா இருக்குன்னு சொன்னேன்.

அன்னைக்கு நான் பேசல தங்கச்சி.

எனக்கே அது நம்ப முடியல. முதல் பாட்டு முடிஞ்சுது, வாய் திறக்கல. ரெண்டாவது பாட்டு, வாய் திறக்கல. மாப்பிள்ளை கூலிங்கிளாஸ் போட்டுட்டு சாப்பாட்டு இலை எங்க இருக்குன்னு தடவுதார், அதுக்கும் ஒண்ணும் சொல்லல. குறும்பு பண்ணவும் மனசில்ல. அண்ணன் மெதுவான பாட்டு ஒண்ணு எடுத்தான். நான் தலையைக் குனிஞ்சு, அந்தப் பாட்டுக்கு உள்ள பிட்டை அப்படியே ஒழுங்கா வாசிச்சேன். செத்த மைக் முன்னால, எனக்காக. துருத்தியை இழுக்கும்போது நெஞ்சுக்குள்ளேருந்து என்னமோ சேர்ந்து வருது. இடது கை பட்டனெல்லாம் கூடச் சேத்து வாசிச்சேன், எப்பவும் அதைச் சும்மா தொட்டுட்டு விட்டுருவேன்.

வாசிக்க வாசிக்க, ஸ்பீக்கர்லேருந்து அக்கார்டியன் சத்தம் வருது. எப்பவும் வாறதுதானே, டேனியல் வாசிக்கான்னு நெனச்சேன். இன்னைக்குப் பய ரொம்ப நல்லா வாசிக்கானேன்னு கூட நெனச்சேன்! கேக்கக் கேக்க எனக்கே கண்ணு கலங்குது. இவன் எப்ப இப்படிப் படிச்சான், கீபோர்டுலேருந்து எப்படி இவ்வளவு உசிரு வருதுன்னு ஆச்சரியமா இருக்கு. பிட்டு முடிஞ்சுது. மண்டபம் பூரா கையைத் தட்டுது. டேனியலுக்குத்தான் தட்டுதாகன்னு நானும் தலையை ஆட்டிக்கிட்டேன்.

அந்தக் கைதட்டு ஓய்ஞ்ச நேரத்துல, ஒரு பெருமூச்சு விட்டு, என் வழக்கப்படி எனக்கு நானே சொன்னேன். "வாசிச்சு என்ன பிரயோஜனம், இந்த மைக்செட்டு நாசரேத்துக்காரியைக் கட்டிட்டுப் போயிரும். நீலச் சட்டை நல்லாருக்குன்னு சொன்னது நானு. அவளுக்குப் பிடிச்ச கலரு என்னன்னாவது அதுக்குத் தெரியுமா?"

அது ஸ்பீக்கர்ல வந்துச்சு தங்கச்சி! ரெண்டு பக்கமும் ஆள் உசரத்துக்கு ஸ்பீக்கர். அதுல எக்கோ வேற வச்சிருக்கு. தெரியுமா... யுமா... யுமா...ன்னு என் குரலு மண்டபத்தைச் சுத்திட்டு வருது. நான் திரும்பி டேனியலைப் பாக்கேன். அவன் ரெண்டு கையாலயும் ஒரு முறுக்கைப் பிடிச்சுக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். கீபோர்டைத் தொடவேயில்ல. அப்ப இதுவரைக்கும் கேட்டதெல்லாம் யாரு? நானு!

மண்டபமே திரும்பி என்னைப் பாக்குது. பந்தியில பரிமாறுறவுக கூட கரண்டியோட நிக்காக. எனக்கு அப்படியே துருத்திக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டா என்னன்னு இருக்கு. அந்த ஆளு ஹெட்போனை மெதுவாக் கழத்துச்சு. அதுகிட்ட சின்ன மைக் ஒண்ணு உண்டு, 'செக், செக்'னு சொல்லிப் பாக்கறதுக்கு. அதுல அது 'செக்'கைத் தவிர வேற பேசி நான் கேட்டதேயில்ல. அதை எடுத்துச்சு. "செக்"னுச்சு. பொறவு, "எந்த நாசரேத்து?"ன்னுச்சு.

முன்வரிசையில ஒரு பெரியம்மா எழும்பி, "ஏல மைக்செட்டு, அந்தப் பிள்ளைக்கு ஒழுங்காப் பதில் சொல்லுல!"ன்னு ஒரு சத்தம் போட்டாக பாரு.

அப்ப அவன், சரி சரி, அவுக, இன்னைக்குலேருந்து மரியாதையாச் சொல்லணும்லா, அவுக எழும்பி நின்னு சொன்னாக. அப்படியே சொல்லுதேன் கேளு. "நாசரேத்துல எனக்கு யாரையும் தெரியாது. தலை சீவச் சொன்னாவ, சீவினேன். சட்டை நல்லாருக்குன்னாவ, அதே துணியில நாலு தைச்சேன். சுக்குக் காபி கேட்டாவ, குடுத்தேன். சீசன் பூரா கேட்டுட்டேன். இன்னும் சொல்லட்டும். கேக்கதுக்கு நான் இருக்கேன்."

நாலு சட்டை! ஒரே சட்டைன்னு நான் எத்தனை நா பரிதாபப்பட்டேன்.

மண்டபம் இடிஞ்சு விழுந்துருமோன்னு இருந்துச்சு. விசிலு, கைதட்டு, கல்யாணப் பொண்ணு எழும்பி நின்னு குதிக்கா. அங்க வந்திருந்த ஐயர், "வாற ஞாயித்துக்கிழமையே கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சுருவோமா?"ன்னு மேடையைப் பாத்துக் கேக்காரு. நான் அழுதுக்கிட்டே சிரிக்கேன், சிரிச்சுக்கிட்டே வாசிக்கேன். என்ன வாசிச்சேன்னு கேக்காத, கை பாட்டுக்குப் போச்சு. அந்த மூஞ்சி சிரிச்சுது தங்கச்சி. முழுசா, பல்லெல்லாம் தெரிய. வயித்து வலியெல்லாம் இல்ல, அதுக்குப் பேரு சிரிப்புத்தான்.

பொறவுதான் எனக்கு விசயமே தெரியும். ஃபேடர் இறங்கிக் கெடந்தாலும், பக்கத்துல ஒரு பட்டனை அமுக்கினா அந்த மைக்ல வாறது ஹெட்போன்ல மட்டும் கேக்குமாம். முதல் கச்சேரியிலேருந்து அதை அமுக்கி வச்சிருக்காக. இட்லித் தட்டு, மூஞ்சி, ஜோக்கு, ஒண்ணு விடாம கேட்டிருக்காக. நான் ஐயரம்மாகிட்ட ஓடி, "அம்மா, என் சாட்சி தப்பாப் போச்சே, வாபஸ் வாங்கணுமா?"ன்னேன். அவுக விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, "கேட்டது கெடச்சுதுல்லா, அப்படியே இருக்கட்டும்"னாக.

கொஞ்சம் பஞ்சு குடு. இல்ல, அழல. மை கரிக்குது.

உண்மையைச் சொல்லுதேன். என்னைப் பொண்ணு பாக்க எத்தனையோ பேரு வந்தாக. காபி ஆறுறதுக்கு முன்னால வாசலைப் பாப்பாக. பொண்ணு ரொம்பப் பேசுதுன்னு சொல்லி அனுப்புவாக. ஒருத்தரு அண்ணன்கிட்டயே, "இது எப்பவாவது நிறுத்துமா?"ன்னு கேட்டுட்டாரு. அண்ணன் அவரை வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போய்ச் செருப்பைக் காட்டினான், போட்டுக்கிட்டுப் போகச் சொல்லி. அன்னைக்கு ராத்திரி அவன் சாப்பிடல. நானும் கேட்டுப் பாத்தேன், பசியில்லன்னுட்டான். நான் பேசினா முகம் திருப்பாத ஆளை நான் பாத்ததேயில்ல தங்கச்சி. இவுக ஒரு சீசன் பூரா, ரெண்டு காதையும் மூடிக்கிட்டு, என்னை மட்டும் கேட்டிருக்காக. கேட்ட பொறவும் வேணும்ங்காக. எனக்கு அதை நெனச்சா இப்பக் கூட எங்கயாவது ஏறி நின்னு கத்தணும் போலிருக்கு.

இதுல அண்ணனோட சதியைக் கேளு. இவுகளே வெள்ளந்தியா எங்கிட்டச் சொன்னாக. சீசன் தொடங்கதுக்கு முன்னால அவன் ஏரலுக்கே போயிருக்கான். போய், "ஹில்டா மைக்கை வெளிய விடாதே, நீ மட்டும் கேளு. சீசன் முடியற வரைக்கும் கேட்டுட்டு, உன்னால முடியும்னு தோணிச்சுன்னா எங்கிட்ட வந்து சொல்லு"ன்னானாம். எவ்வளவு திமிரு பாரு! ஊரே கேக்க வேண்டியதை ஒத்த ஆளு கேட்டாப் போதுமாம். அதோட, 'முடியுமான்னு பாரு'ங்கான். தொழில் தெரிஞ்ச மனுசன்கிட்ட இப்படிக் கேக்கலாமா? ஒரு அக்கார்டியன் மைக்கைச் சமாளிக்க அவுகளுக்குத் தெரியாதா? இன்னொண்ணும் சொல்லியிருக்கான். "அவ வாயை மூடிட்டு வாசிக்கிற அன்னைக்கு ஃபேடரை ஏத்திரு. அன்னைக்கு ஏதோ விசயம் இருக்குன்னு அர்த்தம்"னு. என் வாயை மூட வைக்கதுக்கு எப்படியெல்லாம் திட்டம் போட்டிருக்கான்.

அந்த நாசரேத்துப் பொண்ணு? அப்படி ஒருத்தியே கெடையாது. அண்ணன்கிட்டக் கேட்டேன், "யாரோ சொன்னாக, யாருன்னு மறந்துட்டு"ங்கான். இப்படித்தான், விசாரிக்காம எதையாவது நம்பிட்டு வந்து என்கிட்டச் சொல்லுவான். அவன் பண்ணின கோளாறுக்கு எனக்கு நல்லது நடந்ததே ஆண்டவர் கிருபை. மண்டபத்துல எல்லாரும் ஆடிக்கிட்டு இருக்கும்போது அவன் மட்டும் மேடைக்குப் பின்னால போய் மூஞ்சியைத் துண்டால மூடிக்கிட்டு நின்னான், நான் பாத்தேன். என் சத்தம் வெளிய வந்துட்டுல்லா, பொறுக்கல. அன்னைக்குத்தான் முடிவு பண்ணினேன், இவன் கையைப் பிடிச்சு நடக்கதில்லன்னு.

யாரு தட்டுறா? திறக்காதன்னு சொன்னேன்ல... சரி, திறந்துட்ட. வா அண்ணே. என்ன? என்னது, சித்தப்பாவுக்கு மூட்டு ரொம்ப வலிக்குதா? அப்ப யாரு கூடப் போக? பெரியப்பா மகன் இருக்கான்ங்கிறியா. "ஏட்டி, யாரு கூட வேணும்னாலும் போ, நான் ஒரு தடவை பாத்துட்டுப் போயிருதேன்"ங்கிறியா. பாரு, நல்லாப் பாரு. எப்படி இருக்கேன்? ஏண்ணே, கண்ணு ஏன் இப்படிச் செவந்து கெடக்கு? தூசியாம் தங்கச்சி. மழை பெஞ்சு நனைஞ்சு கெடக்கு ஊரு, தூசியாம்.

தோத்துப் போயிட்டான்ல, அதான் அழுதிருக்கான். எங்கயும் விட்டுக் குடுக்காத ஆளு, பாவம். கோட்டு பொத்தானைக் கூட மாத்திப் போட்டிருக்கு பாரு. அண்ணே, கிட்ட வா, நான் போட்டுவிடுதேன். அசையாம நில்லு.

சரி. போகுது. இன்னைக்குப் போய் எதுக்கு மனசுல வச்சுக்கிட்டு? அண்ணே, நீ எனக்குப் பண்ணின அநியாயத்தையெல்லாம் நான் மன்னிச்சுட்டேன். ஏரலுக்குப் போனது, ஓரத்துல நிக்க வச்சது, நாசரேத்து, எல்லாம். ஆமா, எல்லாத்தையும். என்னண்ணே இது, மன்னிச்சுட்டேன்னா இப்படியா விக்கி விக்கி அழுவாக? சிரிக்கவும் செய்யுதான் பாரு தங்கச்சி, ரெண்டும் ஒண்ணா. குத்தமுள்ள நெஞ்சு.

கையைக் குடு. நீயே கூட்டிட்டுப் போ. லிப்ஸ்டிக்கா? நீ வேணும்னா கூடவே கார்ல ஏறிக்கோ தங்கச்சி, போற வழியில நான் எங்க பேச்சை நிறுத்துதேனோ அங்க பூசிக்கலாம்.